பத்தாவது பித்தளைக் கூடு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், இதைப் படிக்கத் தாங்கள் ஒதுக்கும் நேரத்திற்கு முதற்கண் என் நன்றி. என் வீட்டுச் சமையலறையில், ஜன்னல் கம்பியில், இன்று காலைவரை ஒரு வலை வளையம் தொங்கியது. வாளியின் கைப்பிடிக் கம்பியை வட்டமாக வளைத்து, அதில் நீல நிற நைலான் வலையைப் பை போலச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே சின்ன வெங்காயம் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள், காற்றுப் படுவதால் வெங்காயம் அழுகாது, நல்ல ஏற்பாடு என்று சொல்லிப் போவார்கள். நானும் தலையசைத்து விடுவேன். உண்மையில் அது வெங்காயத்திற்காகச் செய்யப்பட்டதன்று. கைத்துப்பாக்கியால் சுடும்போது தெறித்து விழும் பித்தளைக் கூடுகளைப் பிடிப்பதற்காக, ஓர் இளம் பெண் காவலர் தம் தந்தையின் கிழிந்த நெத்திலி வலையை வெட்டிச் செய்தது அது. ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தேன். எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

நான் காவல் பணியில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன். எழுதக் கற்றது நிலையப் பதிவேடுகளிலும், நூலகத்தில் இரவல் பெற்றுப் படித்த புத்தகங்களிலுமே. ஆகையால் என் நடையில் அறிக்கையின் வாடை வீசினால் பொறுத்தருள வேண்டுகிறேன். இதை அறிக்கை போல எழுத வேறொரு காரணமும் எனக்கு உண்டு.

பணியின் கடைசி ஆண்டுகளில், முக்கியமானவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் பிரிவில் இருந்தேன். அப்பிரிவில் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை கைத்துப்பாக்கித் தேர்வில் தேற வேண்டும். மனித உருவம் வரைந்த அட்டை எதிரே நிற்கும். விசில் ஊதியதும் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, பத்து விநாடிக்குள் ஐந்து குண்டுகளைச் சுட்டு முடிக்க வேண்டும். சற்று இடைவெளி விட்டு மீண்டும் ஐந்து. பத்தில் எட்டுக் குண்டுகளாவது உருவத்தின் மேல் பட்டிருக்க வேண்டும். பத்து விநாடி முடிந்ததும் இரண்டாவது விசில் ஒலிக்கும்; அதன்பின் சுட்ட குண்டு கணக்கில் சேராது. அவ்வாண்டுதான் என்னிடமிருந்த பழைய ரிவால்வரை வாங்கிக்கொண்டு புதிய வகைக் கைத்துப்பாக்கியைக் கொடுத்திருந்தார்கள். நான் அதை வைத்து இருமுறை தேர்வுக்கு நின்று இருமுறையும் தவறினேன். சுட்ட குண்டுகள் பெரும்பாலும் பட்டன. ஆனால் இரண்டாவது விசில் ஒலிக்கும்போது, சுற்றுக்கு ஒன்றிரண்டு குண்டு சுடப்படாமலே துப்பாக்கிக்குள் இருந்தது. மூன்றாவது வாய்ப்பு ஒரு மாதம் கழித்து. அதுவே கடைசி. அதிலும் தவறினால் பிரிவை விட்டு நீங்க வேண்டும். நீங்குகிறவருக்கு அந்த ஆண்டு ஏனாமில் இடம் காத்திருந்தது. ஏனாம் எங்கள் ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த ஊர்தான். ஆனால் அது ஆந்திரத்துக்கு நடுவே இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து போய்ச் சேர ஓர் இரவும் அரைப் பகலும் வேண்டும்.

என் மனைவிக்கு அப்போது இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தில் படுக்க வேண்டும். கூட்டிப் போகவும், கூட்டி வரவும், இயந்திரத்திலிருந்து எழுந்ததும் தலை சுற்றி விழாமல் பிடித்துக்கொள்ளவும் என்னைத் தவிர வீட்டில் ஆளில்லை. பிள்ளைப்பேறு எங்களுக்கு இல்லை. ஆகவே ஐயா, அந்தப் பத்து விநாடி எனக்கு எத்தன்மையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரிவில் என்னைப் பற்றிய கேலி பெருகிவிட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். நான் விறைப்பாக நின்று சுடுவதைப் பார்த்து எனக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். "சொல்தா சுட்டு முடிக்கறதுக்குள்ள கொல்ல வந்தவன் டீ குடிச்சிட்டு, வடைக்கும் சொல்லிட்டு உக்காந்திருப்பான்" என்றார் ஒருவர். இன்னொருவர், "வெடிச் சத்தத்துக்கு பயம்பா ஏட்டுக்கு. காதுல பஞ்சு வச்சி அனுப்புங்க" என்றார். நானும் அதுதான் காரணமோ என்று எண்ணிப் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பயனில்லை. கையில் வலு குறைந்துவிட்டதோ என்றெண்ணி, பிற்பகல்களில் வீட்டு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒரு டார்ச் விளக்கைத் துப்பாக்கி போல இரு கைகளாலும் பற்றி, நாட்காட்டியின் மேல் ஒளி வட்டம் அசையாமல், ஐந்து முறை விசையை இழுப்பது போல விரலை மடக்கிப் பழகினேன். கட்டிலில் படுத்தபடி மனைவி செல்போனில் நேரம் பார்ப்பாள். "வட்டம் ஆடவே இல்லீங்க. கைல ஒண்ணும் கோளாறு இல்ல. ஒவ்வொரு வாட்டி விரல இழுத்ததும் நீங்க எதுக்கோ நிக்கறீங்க" என்பாள். எதற்கு நிற்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

அதைக் கண்டு சொன்னவர்தான் நான் மேலே குறிப்பிட்ட பெண் காவலர். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையைச் சேர்ந்தவர். வயது இருபத்தைந்துக்கு மேலிராது. தந்தை படகில் போகிறவர். தாயார் பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவர். பிரிவில் சேர்ந்து இரண்டே ஆண்டுகளில், கைத்துப்பாக்கியில் அவரை மிஞ்ச ஆளில்லை என்னும் நிலைக்கு வந்திருந்தார். வெளியூரில் நடக்கும் காவலர் துப்பாக்கிப் போட்டிக்கு எங்கள் பக்கத்திலிருந்து அனுப்பும் பெயர்ப் பட்டியலில் அவ்வாண்டு அவர் பெயர் முதலாவதாக இருந்தது. அவர் வாழ்வில் அதைவிடப் பெரிதாக வேண்டியது வேறொன்றும் அப்போது இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுகூட வலது சுட்டுவிரலைத் தனியே நீட்டி வைத்திருப்பார். விரலில் எண்ணெய் படக்கூடாதாம்.

சுடுதளத்தின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கொடுக்கப்படும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. சுட்டபின் வெளியே தெறிக்கும் பித்தளைக் கூட்டை, எங்கள் பேச்சில் காலி கேஸ் என்போம், பொறுக்கி எண்ணித் திரும்ப ஒப்படைக்க வேண்டும். பத்துக் கொடுத்தால் பத்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைய பதிவேட்டை மூட முடியாது. எங்கள் சுடுதளம் ஊருக்கு வெளியே, சவுக்குத் தோப்பை ஒட்டி, மண்மேடு எழுப்பிய இடம். கடல் மணல் தரை. சுண்டுவிரலின் ஒரு கணு அளவே உள்ள கூடு அதில் புதைந்தால் தேடுவது எளிதன்று. ஆகையால் சுடுகிறவரின் வலப்பக்கம் ஒரு காவலர் நின்று, கூடு விழும் இடத்தைப் பார்த்துப் பொறுக்குவார். அன்று எங்களுக்குப் பயிற்சி நாள். பொறுக்கும் வேலை அந்தப் பெண்ணுக்கு.

நான் சுட்டு முடித்துத் துப்பாக்கியைத் தாழ்த்தியதும் அவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏட்டய்யா, தப்பா நெனக்காதீங்க. எல்லாரும் சுட்டு முடிச்சதும் எத்தன பட்டுச்சுன்னு கேப்பாங்க. நீங்க எத்தன கேஸுன்னு கேட்டீங்க."

"கேட்டா என்னம்மா? கணக்கு வேணும்ல."

"கணக்கு எங்கிட்ட இருக்கே. நீங்க ஒவ்வொரு வாட்டி சுட்டதும் கோழி மாதிரி தலைய வலது பக்கம் வெட்டறீங்க. கேஸ் எங்க விழுதுன்னு பாத்துட்டு, அப்புறந்தான் திரும்ப முன்னாடி பாக்கறீங்க. ரிவால்வர் வச்சிருந்தப்ப எப்டி சுட்டீங்க?"

"அதுல எனக்கு ஒரு குறையும் இல்லியே. எல்லாரையும்விட முன்னாடி முடிப்பேன்."

"அதுல கேஸ் வெளிய வராது. உள்ளயே நிக்கும்" என்றார் அவர்.

அந்த ஒரு சொல் என்னை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னே தள்ளியது. பணியில் சேர்ந்த புதிதில், நீளத் துப்பாக்கிப் பயிற்சியின்போது, நான் சுட்ட ஒரு கூடு காணாமற் போயிற்று. உச்சி வெயில். எங்கள் அணியில் இருந்த அத்தனை பேரும் மணலில் முட்டி போட்டு, வரிசையாக நகர்ந்து, கையால் துழாவித் தேடினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. பொழுது சாயும்வரை தேடியபின், எனக்கு அடுத்து நின்ற ஒருவருடைய கால்சட்டை மடிப்பிலிருந்து அது விழுந்தது. அதன்பின் பல நாள் உணவுக் கூடத்தில் நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் எழுந்து நின்று கால்சட்டையை உதறிக் காட்டிவிட்டு உட்காருவார். அந்த நாளை நான் மறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். என் கழுத்து மறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் அந்த வலை வளையத்தைக் கொண்டுவந்தார். ஒரு மூங்கிலை மணலில் நட்டு, நான் நிற்கும் இடத்திற்கு வலப்பக்கம், கூடு தெறிக்கும் உயரம் பார்த்து அதைக் கட்டினார். "நெத்திலி தப்பாத வல. ஒங்க கேஸா தப்பிடும்? ஆனா முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும். அப்பா வலயக் காணோம்னு தேடுவாரு" என்று சிரித்தார். பயிற்சிக்குப் பொறுப்பான ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மீன் புடிக்கறீங்களா?" என்றார். ஆயினும் பயிற்சியின்போது மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தார்.

முதல் நாள் வலை இருந்தும் நான் திரும்பினேன். கூடு வலையில் விழுந்து சிணுங்கும் ஒலி கேட்டது. கேட்டபின்னும் கண் போயிற்று. அவர் ஒவ்வொரு முறையும் ஒரே சொற்றொடரையே சொன்னார். "கேஸ் என் பொறுப்பு. நீங்க முன்னாடி பாருங்க." கடிந்து சொல்லவில்லை, பேருந்தில் நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். கையை விரைவாக அசைத்து நேரத்தைப் பிடிக்க நான் முயன்றபோது குண்டுகள் உருவத்தை விட்டு விலகின. அப்போது அவர் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன். "எங்கம்மா மீன் வெட்டறத பாத்திருக்கீங்களா ஏட்டய்யா? கத்தி ஒண்ணும் வேகமாப் போவாது. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவுல கை நிக்காது. அவ்ளோதான்."

மறுநாள் காலை நான் பெரிய மார்க்கெட்டுக்குச் சென்றேன். மீன் பகுதியில், ஈரத் தரையில், மணைக்கத்தியை மிதித்துக்கொண்டு அந்தத் தாயார் உட்கார்ந்திருந்தார். நான் ஒதுங்கி நின்று வெகு நேரம் பார்த்தேன். உண்மையே. கை மெல்லத்தான் சென்றது. ஆனால் வெட்டிய துண்டு எங்கே விழுந்தது என்று அவர் ஒரு தரமும் பார்க்கவில்லை. அது விழுமிடத்தில் சட்டி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கண் அடுத்த மீனில் இருந்தது. நான் நின்றதைக் கவனித்துவிட்டு அவர் கேட்டார்: "மீன் வாங்க வந்தீங்களா சார், கத்திய வேவு பாக்க வந்தீங்களா?" நான் இன்னார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. பக்கத்துக் கடைக்காரியிடம், "எம் பொண்ணோட ஏட்டய்யா" என்று அறிமுகம் செய்தார். "வெளியூருக்குப் போவுது, துப்பாக்கி சுட. இந்த வரிசைல எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றார். அரைக் கிலோ சங்கரா மீனை வெட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். நான் காசைக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு நடந்த கடைசிப் பயிற்சியில், விசில் ஒலித்தது, சுட்டேன், ஐந்தாவது குண்டு போனபின் வெகு நேரம் நின்றது போலத் தோன்றியது, பின்புதான் இரண்டாவது விசில் வந்தது. அட்டையில் ஐந்தும் உருவத்தின் மேல் இருந்தன. நான் வலப்பக்கம் திரும்பினேன். மூங்கில் மட்டும் நின்றது. வலை இல்லை. அவர் அதை மடித்துத் தம் தொப்பிக்குள் வைத்திருந்தார். "நீங்க துப்பாக்கில கை வைக்கறதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன்" என்றார். மணலிலிருந்து பொறுக்கிய ஐந்து கூடுகளை என் கையில் கொட்டினார். அவை இன்னும் சூடாக இருந்தன. வலையையும் என்னிடம் கொடுத்து, "வீட்ல வச்சிருங்க. தேர்வு முடிஞ்சதும் குடுத்தாப் போதும். பக்கத்துல இருந்தா ஒரு தைரியம்" என்றார்.

தேர்வு நாள் என் மனைவியின் டயாலிசிஸ் நாளாகவும் அமைந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு இயந்திரம் ஒதுக்கப்பட்டிருந்தது. தவறினால் அந்த முறை போய்விடும். பதினொன்றுக்குள் என்னை விட்டுவிடுவதாக ஆய்வாளர் சொல்லியிருந்தார். ஆனால் காலையில் மழைத் தூறல், தேர்வு தாமதமாயிற்று. என் பெயர் வந்தபோது மணி பத்தரையைக் கடந்துவிட்டது. கூடு பொறுக்கும் பணி அன்றும் அந்தப் பெண்ணுக்கே. நான் கோட்டில் போய் நின்று உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து யாரோ, "சொல்தாவுக்கு ஏனாமுக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்றது காதில் விழுந்தது. அவர் என் வலப்பக்கம் வந்து நின்று, உதடு அசையாமல், "கேஸ் என் பொறுப்பு" என்றார்.

முதற்சுற்று எப்படிச் சென்றது என்று எனக்கு நினைவில்லை. இரண்டாவது சுற்று நினைவிருக்கிறது. மூன்றாவது குண்டு சுட்டபோது பிடரியில், சட்டைக் கழுத்துப் பட்டைக்குள், பழுக்கக் காய்ந்த ஏதோ ஒன்று விழுந்தது. தோல் பொசுங்கியது போலிருந்தது. அந்தக் கணத்தில் நான் திரும்பியிருக்க வேண்டும். முப்பதாண்டுப் பழக்கம் திருப்பியிருக்க வேண்டும். நான் திரும்பவில்லை, ஐயா. துப்பாக்கி முனையின் குறியையும் அதற்கப்பால் இருந்த மங்கலான உருவத்தையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நான்கு. ஐந்து. விசில். ஆய்வாளர் அட்டை அருகே சென்று எண்ணினார், பத்தில் ஒன்பது. என் வாழ்வில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தெளிவாக நான் இருந்ததில்லை. பிடரியில் எரிந்த எரிச்சல் அந்த மகிழ்ச்சியில் எங்கோ போய்விட்டது. தெறித்த கூடு பட்டுக் கீழே விழுந்திருக்கும் என்று எண்ணினேன். அதன்பின் அதை எண்ணவும் இல்லை.

அவர் கூடுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒன்பது இருந்தன.

தேடல் தொடங்கியது. சல்லடை கொண்டுவந்தார்கள். எனக்கோ மணி பதினொன்றேகால். நான் அவரைப் பார்த்தேன். மணலில் முட்டி போட்டிருந்த அவர் நிமிர்ந்து, "நீங்க கெளம்புங்கய்யா. வீட்ல அம்மாவுக்கு டயாலிசிஸுக்கு நேரமாவுது. ஈர மணல்ல எங்க போயிடும், நான் பாத்துக்கறேன்" என்றார். ஆய்வாளரும் போகச் சொன்னார். மற்றவர்கள் தங்கள் கால்சட்டை மடிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்து என் கால்சட்டையை உதறினேன். சட்டையை உதற எனக்குத் தோன்றவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மனைவியை இயந்திரத்தில் படுக்க வைத்துவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் இருந்த நாற்காலியில் சாய்ந்தபோது, முதுகின் கீழ்ப்பகுதியில், இடைவாருக்குச் சற்று மேலே, ஏதோ உறுத்தியது. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே. கழிவறைக்குச் சென்று இடைவாரைத் தளர்த்தினேன். சிமெண்டுத் தரையில் அது விழுந்து உருண்ட ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. குனிந்து எடுத்தேன். பித்தளை என் உடற்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

இனி நான் எழுதப் போவதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. என் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. அந்தப் பெண்ணின் எண்ணும் அதில் இருந்தது. கிடைத்துவிட்டது, என் முதுகில் இருந்தது என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? பத்து ஆகாது. போனைக் கையில் எடுத்தேன். எடுத்தவுடன் அச்சம் வந்து குறுக்கே நின்றது. சுட்டவனே கூட்டை உடம்பில் வைத்துக்கொண்டு சுடுதளத்தை விட்டு வெளியேறினான் என்று எழுதுவார்கள். விசாரணை என்பார்கள். விசாரணை முடியும்வரை தேர்வு முடிவை நிறுத்தி வைப்பார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் என் மனைவி, கையிலிருந்து குழாய்கள் நீள, கண்மூடிப் படுத்திருந்தாள். ஒருமுறை கண் திறந்து என்னைப் பார்த்து, விரல்களைச் சற்றே அசைத்து, எப்படி ஆயிற்று என்று கேட்டாள். தேறிவிட்டேன் என்று தலையசைத்தேன். சிரித்துவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன். அது ஒருமுறை ஒலித்தது; அவருடைய எண். எடுக்கவில்லை. நான்கு மணி நேரம் அந்தக் கூட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுடும்போது நான் கற்றுக்கொண்ட விரைவு அங்கே எனக்கு உதவவில்லை.

மறுநாள் விடிந்ததும் எல்லாருக்கும் முன்னதாகச் சுடுதளத்திற்குச் சென்றேன். உண்மையைச் சொல்லத்தான் சென்றேன் என்று சொல்லிக்கொள்ள விருப்பம். ஆனால் என் கால்கள் அலுவலகத்தின் பக்கம் போகவில்லை. கோட்டுக்கு வலப்பக்கம் சென்று, கூட்டை மணலில் போட்டு, காலால் அரைகுறையாக மூடினேன். அரை மணி கழித்து அங்கே பெருக்க வந்தவர் அதைக் கண்டெடுத்தார். ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். ஆனால் அதற்குள் ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது. முந்தைய மாலை, இருட்டும்வரை தேடியும் கிடைக்காததால், பொறுப்பில் இருந்த அந்தப் பெண்ணிடம் எழுத்து மூலம் விளக்கம் வாங்கியிருந்தார்கள். தம் கவனக் குறைவால் நேர்ந்தது என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். சுட்டவருடைய ஆடையைச் சோதிக்காமல் அனுப்பியது ஏன் என்ற கேள்விக்கு, தேவையென்று தோன்றவில்லை என்று பதில் எழுதியிருந்தார். கூடு கிடைத்ததால் விசாரணை பெரிதாகவில்லை. ஆயினும் அந்தத் தாள் கோப்பில் இருந்தது, மேலே போயிற்று. ஆயுதப் பொறுப்பில் கவனக் குறைவு என்ற குறிப்புடைய ஒருவரைப் போட்டிக்கு அனுப்புவது முறையன்று என்று, அவருடைய பெயரை அடித்துவிட்டு இரண்டாவது பெயரை அனுப்பினார்கள்.

அன்று காலை அந்தக் கூட்டை அவரிடம் காட்டினார்கள். அவர் வாங்கி, உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. மணலில் கிடந்த கூடாக இருந்தால் உள்ளே நீரும் மண்ணும் அடைத்திருக்கும். அவர் கவிழ்த்துத் தட்டினார், ஒன்றும் விழவில்லை. ஆய்வாளரிடம் எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார். நான் நிமிரவில்லை, அவருடைய காலணிகளில் ஒட்டியிருந்த முந்தைய நாளின் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த எடத்த நான் மூணு வாட்டி சலிச்சேன் ஏட்டய்யா" என்றார்.

நான் உண்மையைச் சொல்வதற்காக அவர் காத்திருந்தார் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

"வீட்ல அம்மா எப்டி இருக்காங்க?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து மார்க்கெட்டில் அந்தத் தாயார் என்னைக் கண்டுவிட்டார். கத்தியை விட்டுக் காலை எடுக்காமலே, "என்னா சார், பொண்ணு போவுது போவுதுன்னு வரிசை பூரா சொன்னேன். இவளுங்க எப்ப எப்பன்னு கேட்டு உயிர வாங்கறாளுங்க. அத கேட்டா மூஞ்சத் திருப்பிக்குது. நீங்களாவது சொல்லுங்க" என்றார். அடுத்த ஆண்டு போகும் என்றேன். அடுத்த ஆண்டு வேறு புதியவர்கள் வந்தார்கள். அந்தப் பெண் பட்டியலுக்குப் பெயர் கொடுக்கவே இல்லை. அதன்பின் மார்க்கெட்டின் அந்த வரிசைப் பக்கம் நான் போவதில்லை. மீன் வேண்டுமென்றால் தெருவில் கூடையில் வருவதை வாங்கிக்கொண்டேன்.

என் மனைவி அதற்குப் பின் நான்கு ஆண்டுகள் இருந்தாள். நான்கு ஆண்டுகளும் வாரம் மூன்று நாள் அவளை நானே கூட்டிச் சென்றேன். நானே தாங்கிப் பிடித்து அழைத்து வந்தேன். அந்த நான்கு ஆண்டுகளை எனக்குத் தந்தவர் யார் என்பதில் எனக்கு எக்காலமும் ஐயமில்லை. தேர்வுக்குப் பிறகு ஒருநாள், அலமாரியில் நான் மறைத்து வைத்திருந்த வலையை மனைவி எடுத்து, "இது யாருதுங்க?" என்றாள். "சுடற ரேஞ்சுல கெடந்துச்சு" என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவள் அதைக் கழுவி, வெங்காயம் போட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டினாள். அவள் போனபின்னும் நான் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் யாருக்குச் சேர வேண்டியதோ அவரிடம் கொண்டு போக வேண்டும்.

அவர் இப்போது உதவி ஆய்வாளராகக் காரைக்காலில் இருக்கிறார். நல்ல பெயர் எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இந்த வாரம் விடுப்பில் தேங்காய்த்திட்டில் தந்தை வீட்டுக்கு வந்திருப்பதாகப் பழைய நண்பர் ஒருவர் சொன்னார். அதனால் இன்று காலை ஜன்னல் கம்பியிலிருந்து வளையத்தை இறக்கினேன். வெங்காயத்தை ஒரு முறத்தில் கொட்டினேன். வலைக் கண்களில் சிக்கியிருந்த காய்ந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். தண்ணீரில் அலசி வெயிலில் காய வைத்திருக்கிறேன். ஓரிடத்தில் மட்டும் நைலான் இழை பழுத்து, அறுந்து, ஒரு கண் பெரிதாகியிருக்கிறது. அதை முடிந்து கொடுக்கலாம் என்று எண்ணினேன். எனக்கு வலை முடியத் தெரியாது. அப்படியே கொண்டு போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டாலும் அது முறையே.

கோப்பில் அவருடைய கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கிறது. அதை மறுக்கும் தாள் ஒன்றும் இல்லை. ஆகையால் இதை எழுதுகிறேன். பத்தாவது கூடு என் சட்டைக்குள் இருந்தது. அதை மணலில் போட்டவன் நான். அந்தப் பெண் காவலர் மூன்று முறை சலித்தார். அவரிடம் கவனக் குறைவு எதுவும் இருக்கவில்லை. இதில் ஒரு படியை அவரிடம் தருகிறேன். இன்னொரு படி தங்கள் கையில் இருக்கிறது. ஐயா, அம்மையீர், அதைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.